கூப்பிட்ட இடத்துக்குப் போகும் குழாய்: ஈயின் கருவில் மூச்சுக்குழல் உருவாகும் விதம்

மாம்பழக் காலம் வந்தால் சேலம் பக்கத்துத் தோப்புக்காரர்கள் பழ ஈக்குப் பயந்து பொறி கட்டுவார்கள். மெத்தில் யூஜெனால் வாசத்துக்கு வந்து மாட்டும் அந்த ஈ பாக்ட்ரோசீரா. நல்ல காயிலேயே துளையிட்டு முட்டை வைத்துவிடும். இந்தக் கட்டுரை பேசப்போவது வேறொரு ஈயைப் பற்றி. மல்கோவா அளவுக்கு மீறிக் கனிந்து தோல் வெடித்ததும், பரமத்திவேலூர்ச் சந்தையில் ஏலம் எடுத்த வாழைத்தாரில் ஒரு பழம் அழுகியதும், மேலே வந்து சுற்றுமே, மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத சிற்றீ, அது. புளிக்கத் தொடங்கிய சதையில் வளரும் ஈஸ்ட்தான் அதற்குச் சாப்பாடு. டிரோசோஃபிலா என்ற பேரினத்தைச் சேர்ந்த இந்த ஈக்களில் ஒன்றான டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர், நூறாண்டுக்கும் மேலாக உலகத்து ஆய்வுக்கூடங்களில் வளர்ந்துவருகிறது.

அதன் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம். 25 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிந்து புழு வெளியே வந்துவிடும். அந்த ஒரு நாளுக்குள், தலையிலிருந்து வால்வரை, தோலடியிலிருந்து குடல்வரை, கிளைவிட்டுப் பரவும் மூச்சுக்குழல் வலை ஒன்று உள்ளே தயாராகிவிட வேண்டும்.

ஏன் குழாய்? நம் உடலில் ஆக்ஸிஜனைச் சுமந்து போவது ரத்தம். ஈயின் ரத்தத்தில் அந்த வேலையைச் செய்யும் சிவப்பணுக்கள் இல்லை. காற்றே நேராக ஒவ்வொரு தசைக்கும் நரம்புக்கும் அருகில் போய்ச் சேர வேண்டும். காற்றில் ஆக்ஸிஜன் பரவும் வேகம், தண்ணீரில் பரவுவதைப் போல ஏறக்குறைய 10,000 மடங்கு. ஆகவே ஈரமான உடலுக்குள் காற்று நிரம்பிய வழி ஒன்றை ஓடவிட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இந்த ஏற்பாட்டின் வாசலைத் தினமும் பார்க்கிறார்கள்: புழுவின் இரண்டு விலாவிலும் வரிசையாக ஒன்பது கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மூச்சுத்துளை. தேங்கிய தண்ணீரில் எண்ணெய் ஊற்றினால் கொசுப்புழு சாவதும் இதனால்தான். மேலே வந்து மூச்சுவிடும் துளையை எண்ணெய் அடைத்துவிடுகிறது.

சரி, இந்த வலையை யார் வரைந்து கொடுக்கிறார்கள்? எந்தக் கிளை எங்கே திரும்ப வேண்டும், எது எதோடு சேர வேண்டும் என்று எழுதிவைத்த முழு வரைபடம் கருவுக்குள் எங்கும் இல்லை. குழாய் எங்கே வேண்டுமோ அந்த இடம் கூப்பிடுகிறது. குழாய் அங்கே போகிறது. இதைத்தான் படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். துணைக்கு, பிள்ளையார் சதுர்த்தியன்று நம் வீட்டில் நடக்கும் கொழுக்கட்டை வேலையை எடுத்துக்கொள்வோம். அந்த ஒப்புமை எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்பது இரண்டுமே பாடம்தான்.

1. மாவை எடுத்து வைத்தல்

கொழுக்கட்டைக்கு முதலில் மாவு வேண்டும். அரிசி மாவை வெந்நீரில் கிளறி, சூடு ஆறும் முன்னே நல்லெண்ணெய் தொட்டுப் பிசைந்து, உருண்டை உருண்டையாகப் பிரித்துவைக்கிறோம். இதற்குப் பிறகு ஒரு உருண்டையோடு இன்னொரு பிடி மாவு சேர்ப்பதில்லை. எடுத்தது எவ்வளவோ அதற்குள்தான் சொப்பு, அதாவது பூரணம் வைக்கும் மாவுக்கூடு.

ஈயின் கருவிலும் அப்படித்தான். முட்டையிட்டு ஐந்து மணிநேரம் கடந்த நிலையில் கருவின் வெளிப்பரப்பு ஒரே அடுக்குச் செல்களால் மூடப்பட்டிருக்கிறது. அந்தப் பரப்பில் இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்து என இருபது திட்டுகள் மூச்சுக்குழலுக்கென்று ஒதுக்கப்படுகின்றன. பார்க்க மற்றச் செல்களிலிருந்து வேறுபாடு தெரியாது. உள்ளே டிரேக்கியாலெஸ் என்ற மரபணு இயங்கத் தொடங்கியிருப்பதே வேறுபாடு. அந்த மரபணு பழுதான கருவில் இருபது திட்டும் வெறும் தோலாகவே நின்றுவிடும்.

ஒவ்வொரு திட்டிலும் கடைசிச் செல்பிரிவு முடியும்போது சுமார் 80 செல்கள் இருக்கும். அதற்குப் பிறகு செல் பெருகுவதில்லை. புழு பொரிந்து வரும்போது இருக்கும் வலை முழுவதும், இந்த இருபது எண்பதுகள் இடம் மாறியும் வடிவம் மாறியும் கட்டியதுதான்.

2. கட்டைவிரல் பள்ளம்

உருண்டையின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திக் குழிக்கிறோம். பரப்பு உள்வாங்குகிறது. உருண்டை கிண்ணமாகிறது.

கருவில் வெளியிலிருந்து அழுத்த விரல் இல்லை. திட்டின் நடுவில் உள்ள செல்கள் தாங்களே தங்கள் மேல்முகத்தைச் சுருக்கிக்கொள்கின்றன. நம் தசையைச் சுருக்கும் அதே ஆக்டின், மயோசின் புரதங்கள் செல்லின் மேல்விளிம்பில் வளையமாக ஓடி இறுக்குகின்றன. மேல்முகம் குறுகி அடிப்பக்கம் அகன்ற செல்கள் பக்கம் பக்கமாக நின்றால், பரப்பு தட்டையாக இருக்க முடியாது. வளைந்தே ஆக வேண்டும். இதோடு இன்னொரு விசையும் சேர்கிறது. பிரியப்போகும் செல் எப்போதும் உருண்டு திரளும். திட்டின் நடுவில் அது நடக்கும்போது பரப்பு சட்டென்று உள்ளே மடிகிறது. அந்தக் கடைசிச் செல்பிரிவு குழி விழுவதை வேகப்படுத்துகிறது என்று 2013-இல் ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் தகேஃபூமி கோண்டோவும் ஷிகேயோ ஹயாஷியும் காட்டினார்கள்.

இப்படி இருபது திட்டுகளும் இருபது பைகளாகின்றன. இப்போதைக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது பைகள்.

3. மாவு சேர்க்காமல் நீட்டுதல்

சொப்பு செய்வதில் கைப்பழக்கம் வேண்டியது இந்தக் கட்டத்துக்குத்தான். கிண்ணத்தை இடது கையில் சுழற்றிக்கொண்டே வலது கை விரல்களால் சுவரை மேலே மேலே இழுக்கிறோம். சுவர் மெலிகிறது, சொப்பு உயர்கிறது. மாவின் அளவு மாறவில்லை, அது நிற்கும் விதம்தான் மாறியது.

கருவின் ஒவ்வொரு பையும் ஆறு பக்கமாக மொட்டுவிடுகிறது. முதுகுப்புறம் ஒன்று, வயிற்றுப்புறம் ஒன்று, முன்னும் பின்னும், உள்ளுறுப்புகளை நோக்கி என்று. ஏன் அந்த ஆறு திசை? 1996-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் சதர்லாண்ட், கிறிஸ்டோஸ் சமாகோவ்லிஸ், மார்க் கிராஸ்னோ ஆகியோர் விடையைக் கண்டார்கள். பையைச் சுற்றிலும், சிறிது தள்ளி, வேறு திசுக்களைச் சேர்ந்த சிறு செல்கூட்டங்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அதன் பெயர் பிரான்ச்லெஸ். அந்த மரபணு இல்லாத கருவில் பை பையாகவே நின்றுவிடும், கிளை வராது. அதனால் வந்த பெயர். பைச் செல்களின் மேல் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருக்கிறது. அது பிரெத்லெஸ், அதன் வேலையை 1992-இல் கிறிஸ்டியான் கிளாம்ட், லிலியன் கிளேசர், இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்து பென்னி ஷீலோ ஆகியோர் விளக்கியிருந்தார்கள்.

ஆக, ஒரு பக்கம் அழைப்பு, இன்னொரு பக்கம் காது. ஸ்டான்ஃபோர்ட் குழுவினர் அதோடு நிற்கவில்லை. வழக்கமாகச் சுரக்காத இடத்தில் பிரான்ச்லெஸ் புரதத்தைச் சுரக்க வைத்துப் பார்த்தார்கள். குழாய் அந்தப் புது இடத்தை நோக்கித் திரும்பியது. குழாய்க்குத் தன் வழி தெரியாது, அழைப்பு மட்டுமே தெரியும் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

அழைப்பு ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. குழாய் வந்து சேர்ந்ததும் அந்தக் கூட்டம் சுரப்பதை நிறுத்திவிடும். அதற்கு அப்பால் வேறொரு கூட்டம் சுரக்கத் தொடங்கும். குழாய் அடுத்த நிலைக்கு நகரும். தூரத்து இலக்கை எந்தச் செல்லும் அறிய வேண்டியதில்லை. பக்கத்து அழைப்பு கேட்டால் போதும்.

நீளுவது எப்படி? முதுகுப்புறம் போகும் கிளையை எடுத்துக்கொள்வோம். அதில் மொத்தம் ஐந்தாறு செல்களே இருக்கும். தொடக்கத்தில் அவை இரண்டிரண்டாக எதிரெதிரே நின்று குழாயின் சுற்றை அமைக்கின்றன. நுனியில் இருக்கும் செல் அழைப்பை நோக்கி மெல்லிய விரல்களை நீட்டி ஊர்ந்து போகிறது. அது முன்னால் இழுக்க, பின்னால் ஜோடியாக நின்றவை ஒன்றன்பின் ஒன்றாக நழுவி ஒற்றை வரிசையாகின்றன. ஒவ்வொரு செல்லும் குழாயைச் சுற்றி முழுதாகச் சுருண்டு, தன் ஒரு விளிம்பைத் தன் மறு விளிம்போடு ஒட்டிக்கொள்கிறது. செல்களின் எண்ணிக்கை அதேதான். குழாய் மெலிந்து நீண்டுவிட்டது. இந்த இடமாற்றத்துக்கு விசை தருவது முன்செல்லின் இழுப்பே என்று 2008-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் பல்கலைக்கழகத்து மார்கஸ் அஃபோல்டர் குழு காட்டியது.

சமையலறையில் சுவரை விரல் அமுக்கி மெலிதாக்குகிறது. கருவில் நுனி இழுத்து மெலிதாகிறது. ஒப்புமை இங்கே விலகினாலும் கணக்கு ஒன்றுதான்: சுவர் கொடுக்கிறது, நீளம் வாங்குகிறது.

எல்லாக் கிளையும் இப்படி மெலிந்தால் பெரிய அளவில் காற்றைக் கொண்டுபோக வழியிருக்காது. முதுகின் இரண்டு பக்கமும் உடல் நீளத்துக்கு ஓடும் பிரதானக் குழாய்கள் பருமனாக இருக்க வேண்டும். அந்தச் செல்களில் ஸ்பால்ட் என்ற மரபணு இயங்குகிறது. அது செல்கள் ஒற்றை வரிசையாக நழுவுவதைத் தடுத்துவிடுகிறது. அதனால் அங்கே பல செல்கள் சேர்ந்தே குழாயின் சுற்றை அமைக்கின்றன.

4. முன்னால் போவது யார்?

ஒரு மொட்டில் உள்ள எல்லாச் செல்களுக்கும் ஏற்பி உண்டு; எல்லாவற்றுக்கும் அழைப்பு கேட்கிறது. அப்படியானால் நுனியில் நிற்பது எது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

2006-இல் அமின் கப்ரியாலும் கிராஸ்னோவும் இதைச் சோதித்தார்கள். ஒரே கிளையில் சில செல்களுக்கு ஏற்பி இருக்கும்படியும் சிலவற்றுக்கு இல்லாதபடியும் செய்தார்கள். ஏற்பி இல்லாத செல் ஒருபோதும் முன்னணிக்கு வரவில்லை. ஆனால் அது கெட்டுப்போகவும் இல்லை, பின்னால் நின்று குழாயின் சுவராக ஒழுங்காக வேலை செய்தது. அழைப்பை அதிகமாகக் கேட்கும் செல் முன்னே போகிறது. போகும்போதே நாட்ச் என்ற சைகைப் பாதை வழியாக மற்றவற்றை, நீங்கள் பின்னால் நில்லுங்கள் என்று தடுத்தும் விடுகிறது. தலைவனாகப் பிறந்த செல் என்று ஒன்றில்லை. அந்த நேரத்தில் யாருக்கு அழைப்பு உரக்கக் கேட்டதோ அது தலைவன்.

கேட்பது அளவு மீறினாலும் ஆபத்து. நுனிக்குரிய வேலையைப் பின்செல்களும் செய்யத் தொடங்கினால் கிளைமேல் கிளை முளைத்து வலை சிக்கலாகிவிடும். ஸ்ப்ரவுட்டி என்ற புரதம் அதைத் தடுக்கிறது. அழைப்பு கேட்ட இடத்திலேயே உருவாகி, அழைப்பின் வீச்சைக் குறைக்கிறது. 1998-இல் அது கண்டறியப்பட்டது. அந்த மரபணு இல்லாத கருவில் வேண்டாத இடத்திலெல்லாம் நுண்கிளைகள் முளைத்தன. இதே குடும்பத்துப் புரதங்கள் எலியிலும் மனிதரிலும் இருக்கின்றன.

5. ஓரத்தை ஒட்டுதல்

சொப்பின் வாயைக் கூட்டிப் பிடித்து, ஈரம் தொட்டு அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய தடம் தெரியாமல் முடிப்பதில்தான் கைத்திறன்.

கருவில் ஒட்ட வேண்டியவை பத்து ஜோடித் துண்டுகள். ஒவ்வொரு பையிலிருந்தும் முன்பக்கம் வரும் கிளை, முன்னால் இருக்கும் பையின் பின்பக்கக் கிளையைச் சந்திக்க வேண்டும். ஒவ்வொரு நுனியிலும் ஒரு ஒட்டுச்செல் இருக்கிறது. இரண்டு ஒட்டுச்செல்களும் விரல் நீட்டித் தேடி, தொட்டதும் அந்த இடத்தில் கேதரின் என்ற ஒட்டுப் புரதத்தைக் குவிக்கின்றன. பிறகு இரண்டு செல்களுக்கும் உள்ளே ஊடுவழி திறந்து, இரு பக்கக் குழாயின் உள்வெளியும் ஒன்றாகிறது. இப்படித்தான் ஒவ்வொரு பக்கத்துப் பத்துத் துண்டுகளும் ஒரே நீளக் குழாயாகின்றன. முதுகின் நடுவில் இடப்பக்கக் கிளையும் வலப்பக்கக் கிளையும் இதே முறையில் கைகோர்க்கின்றன.

பைகள் உள்ளே மடிந்தபோது உண்டான வாசல்களில் பெரும்பாலானவை பிறகு அடைபடுகின்றன. பொரிந்து வரும் ஈப்புழு மூச்சுவிடுவது வால்முனைத் துளை வழியாக. அழுகிய பழத்தில் தலையைப் புதைத்துத் தின்னும் புழு வாலை மேலே நீட்டிக்கொண்டிருப்பது ஏன் என்று இப்போது புரியும்.

6. பூரணம்

வெறும் சொப்பை மூடினால் அமுங்கிப்போகும். தேங்காய்ப் பூரணமோ எள்ளுப் பூரணமோ உள்ளே இருந்தால்தான் கொழுக்கட்டை உருண்டு திரண்டு நிற்கும்.

ஈயின் குழாய்க்குள்ளும் பூரணம் இருக்கிறது. குழாய்ச் செல்கள் உள்வெளிக்குள் புரதங்களையும் கைட்டினையும் ஒரே பாய்ச்சலாகச் சுரக்கின்றன. நண்டின் ஓட்டிலும் காளானின் செல்சுவரிலும் இருக்கும் அதே கைட்டின் இங்கே நாராகத் திரண்டு குழாயின் நடுவே ஓடுகிறது. சுரப்பு தொடங்கியதும் குழாயின் உள்விட்டம் விரிகிறது. கைட்டின் தயாரிக்கும் நொதி இல்லாத கருவில் குழாய் ஒரு இடத்தில் வீங்கியும் இன்னொரு இடத்தில் நெரிந்தும் போகிறது. எல்லாச் செல்லும் ஒரே அளவுக்கு விரிய வேண்டுமென்றால் உள்ளே பொதுவான ஒரு திண்மை தேவை. அதைத் தருவது இந்தப் பூரணம்.

விட்டம் மட்டுமல்ல, நீளமும் இதனிடம் இருக்கிறது. செர்ப்பென்டைன், வெர்மிஃபார்ம் என்ற இரண்டு புரதங்கள் அந்தக் கைட்டினைப் பக்குவப்படுத்துகின்றன. அவை இல்லாவிட்டால் குழாய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நீண்டுகொண்டே போய், உடலுக்குள் இடம் போதாமல் நெளிந்து நெளிந்து ஓடும். 2006-இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் இதைத் தனித்தனியே வெளியிட்டன. நீண்டது போதும் என்ற செய்தி உள்ளே இருக்கும் பொருளிலிருந்தே செல்களுக்குப் போகிறது.

7. பூரணத்தை எடுத்துவிட்டுக் காற்றை நிரப்புதல்

இங்கே கொழுக்கட்டை நம்மோடு வர மறுக்கிறது. பூரணத்தோடு வேகவைத்துப் படைப்பதுதான் நம் வழக்கம். ஈயின் கருவோ சுவரைக் கெட்டிப்படுத்திவிட்டுப் பூரணத்தை வெளியே எடுக்க வேண்டும்.

2007-இல் சமாகோவ்லிஸின் ஸ்டாக்ஹோம் குழுவில் வாசிலியோஸ் சருஹாஸ் முதலானோர் உயிருள்ள கருவை நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்து வரிசையை எழுதினார்கள். முதலில் சுரப்பு, குழாய் விரிகிறது. அடுத்து உள்வாங்கல், சுவர்ச் செல்கள் பூரணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக் கரைக்கின்றன. கடைசியாக மிஞ்சிய நீர் உறிஞ்சப்படுகிறது. ஒன்று தவறினாலும் அடுத்தது நடக்காது. சுவரின் உட்புறத்தில் இதற்குள் கெட்டியான படலம் படிந்து, வளையம் வளையமாக மேடுகள் எழுந்துவிடும். பூரணம் போனபிறகு குழாய் நசுங்காமல் நிற்பது அந்த வளையங்களின் பலத்தால்.

நீர் வடியும் தறுவாயில் பிரதானக் குழாயில் ஒரு குமிழி தோன்றுகிறது. அது பரவி, சில நிமிடங்களில் வலை முழுவதும் காற்றுமயமாகிறது. இத்தனையும் முட்டை ஓட்டுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. நீரை உறிஞ்சும் வேலையில் பங்குகொள்ளும் சோடியம் வாய்க்கால் புரதங்களின் குடும்பம், பிறந்த குழந்தையின் நுரையீரலிலிருந்து நீரை வடிக்கும் குடும்பமேதான். முதல் மூச்சுக்கு முன் உள்ளே இருக்கும் நீரை அப்புறப்படுத்த வேண்டிய அவசரம் ஈக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

8. மாவுக்குக் காது கிடையாது

கொழுக்கட்டையைச் செய்ய ஒருவர் வேண்டும். எவ்வளவு மெலிதாக்குவது, எப்போது நிறுத்துவது என்பது அவர் கைக்குத் தெரியும். கருவில் அப்படி ஒருவர் இல்லை. மாவே கேட்கிறது, மாவே நகர்கிறது, மாவே நிறுத்துகிறது. இந்த வேறுபாட்டின் முழுப் பொருளும் புழு பொரிந்த பிறகுதான் வெளிப்படுகிறது.

வலையின் கடைக்கோடியில் முனைச்செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முனைச்செல்லும் தானே பல கிளைகளாக நீண்டு, தன் உடலுக்குள்ளேயே குழிவான வழியை உண்டாக்குகிறது. ஒட்டோ விளிம்போ இல்லாமல் ஒரே செல்லுக்குள் ஓடும் இந்தக் குழாய்களின் அகலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கருவில் பெரிய கிளைகள் போகும் திசை எல்லாக் கருவுக்கும் ஒன்றுபோல் இருக்கும். முனைக்கிளைகள் அப்படி இல்லை. ஒவ்வொரு புழுவிலும் வேறு வேறு.

1954-இலேயே ஆங்கிலேயப் பூச்சியியலாளர் விக்கிள்ஸ்வொர்த், ஆக்ஸிஜன் கிடைக்காத திசுவை நோக்கிப் பூச்சியின் நுண்குழல்கள் நகர்ந்து வருவதைக் கண்டு எழுதினார். எப்படி என்று அப்போது சொல்ல முடியவில்லை. 1999-இல் கிராஸ்னோவின் குழு காரணத்தைக் காட்டியது: மூச்சுத் திணறும் செல்கள் சுரப்பது பிரான்ச்லெஸ். கருவில் கிளைகளைக் கூப்பிட்ட அதே புரதம். ஆக்ஸிஜன் குறைந்த சூழலில் வளர்ந்த புழுவுக்கு முனைக்கிளைகள் கூடின. அதிகமான சூழலில் குறைந்தன.

புழு கூட்டுப்புழுவாகும்போதும் இந்த மொழிதான். பழைய கிளைகள் சிதைகின்றன, புதியவை வர வேண்டும். சிதையும் கிளையே பிரான்ச்லெஸ் சுரந்து, புதுக் கிளையைக் கட்ட வரப்போகும் முதனிலைச் செல்களுக்கு வழிகாட்டுகிறது என்று 2014-இல் ஃபெங் சென்னும் கிராஸ்னோவும் காட்டினார்கள். சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில், பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனத்தில், அர்ஜுன் குஹாவின் ஆய்வுக்குழுவும் ஈயின் மூச்சுக்குழலில் இந்த முதனிலைச் செல்களை ஆராய்ந்திருக்கிறது. இந்தியாவில் ஈயை வைத்து உயிரியல் செய்யும் மரபை வேரூன்றச் செய்தவர் ஒபைத் சித்திகி. மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் தொடங்கி, பெங்களூருவில் தேசிய உயிரியல் மையத்தை நிறுவியவர் அவர்.

9. நாமக்கல் முட்டைக்குள்

நாமக்கல்லிலிருந்து லாரியேறும் முட்டைகளில் பெரும்பாலானவை சேவல் சேராதவை. அவற்றில் கரு இல்லை. குஞ்சு பொரிப்பகத்துக்குப் போகும் முட்டைகள் வேறு. அவை 18 நாள் செட்டர் என்ற அடைகாப்பு இயந்திரத்தில் இருந்து, கடைசி மூன்று நாள் ஹேச்சர் என்ற பொரிப்பு இயந்திரத்துக்கு மாறி, 21-ஆம் நாள் பொரியும். அந்த ஓட்டுக்குள்ளும் ஒரு குழாய் வலை கிளைவிடுகிறது.

கோழிக்கருவின் நுரையீரல் ஒரு எளிய குழாயாகத் தொடங்குகிறது. அதைச் சூழ்ந்த திசு எஃப்ஜிஎஃப்10 என்ற புரதத்தைச் சுரக்கிறது. பிரான்ச்லெஸ் எந்தக் குடும்பமோ அதே எஃப்ஜிஎஃப் குடும்பம். மொட்டு தோன்றும் இடத்தில் செல்கள் தங்கள் மேல்முகத்தைச் சுருக்குகின்றன என்று 2013-இல் பிரின்ஸ்டனின் செலஸ்ட் நெல்சன் குழு காட்டியது. இரண்டாம் படியில் ஈயிடம் பார்த்த அதே அசைவு. ஒட்டுதலும் உண்டு. நம் நுரையீரலின் கிளைகள் நுண்ணறைகளில் முட்டி நின்றுவிடும். பறவையின் நுண்குழல்களோ எதிரெதிரே வளர்ந்து இணைந்து, காற்று ஒரே திசையில் ஓடும் திறந்த வழியாகின்றன.

முதல் மூச்சும் ஓட்டுக்குள்தான். 19, 20-ஆம் நாளில் குஞ்சு முட்டையின் அகன்ற பக்கத்துக் காற்றறைச் சவ்வை அலகால் கிழித்து நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்குகிறது. அதுவரை ஓட்டின் நுண்துளைகளுக்கு அடியில் இருக்கும் ரத்தநாளச் சவ்வுதான் அதற்கு மூச்சு. பொரிப்பகத்தில் கடைசி நாட்களில் காற்றோட்டத்துக்கும் ஈரப்பதத்துக்கும் அவ்வளவு கவனம் கொடுப்பதற்கு இந்த மாற்றம் ஒரு முக்கியக் காரணம்.

10. நமக்கு இதனால் என்ன?

எலியில் எஃப்ஜிஎஃப்10 மரபணுவை நீக்கிப் பார்த்த இரண்டு குழுக்கள் 1998, 1999-இல் ஒரே செய்தியைக் கூறின: மூச்சுக்குழல் வருகிறது, அதற்குக் கீழே நுரையீரல் இல்லை. அந்த எலிக்குட்டிகள் பிறந்ததும் இறந்தன. மனிதரில் இதே மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் கண்ணீர்ச் சுரப்பியும் உமிழ்நீர்ச் சுரப்பியும் சரியாக வளராமல் போகும் ஒரு பிறவிக் குறை உண்டாகிறது. அவையும் கிளைவிடும் குழாய் உறுப்புகளே. திசு மூச்சுத் திணறும்போது அழைப்பு அனுப்பும் முறை நம் ரத்தநாளங்களிலும் இருக்கிறது. காயம் ஆறும் இடத்தில் புது நாளம் வருவது அதனால். புற்றுக்கட்டி தனக்கு ரத்தத்தை வரவழைத்துக்கொள்வதும் அதனால். செல்கள் ஆக்ஸிஜன் குறைவை உணரும் விதத்தைக் கண்டறிந்தவர்களுக்கு 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

குறைமாதக் குழந்தையின் நுரையீரலை எப்படித் தொடர்ந்து வளரச் செய்வது, தழும்பேறிய நுரையீரலில் புதுக் கிளை வருமா என்ற கேள்விகளோடு மருத்துவம் போராடிக்கொண்டிருக்கிறது. குழாயை வெளியிலிருந்து செதுக்கி வைப்பது கடினம். சரியான இடத்தில், சரியான அளவில், சரியான நேரத்தில் அழைப்பைக் கொடுக்கக் கற்றுக்கொண்டால் செல்களே கட்டும். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இந்த ஈயின் கரு.

11. வீட்டிலேயே பார்க்க

இதை நம்ப நுண்ணோக்கி ஆய்வகம் வேண்டியதில்லை. நன்றாகக் கனிந்த வாழைப்பழத் துண்டு ஒன்றை அகன்ற வாய்ப் பாட்டிலில் போட்டுத் திறந்து வையுங்கள். சிற்றீக்கள் உள்ளே வந்ததும் மெல்லிய துணியால் வாயைக் கட்டி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள். சேலத்துக் கோடை அவற்றுக்கு ஒத்துவராது. சில நாட்களில் வெள்ளைப் புழுக்கள் சுவரில் ஏறும். பெரிய புழு ஒன்றை ஈரத் தூரிகையால் எடுத்து, கறுப்புத் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் கைலென்ஸ் வழியாகப் பாருங்கள். அதன் தோல் ஏறக்குறைய ஒளி ஊடுருவும். முதுகில் வாலிலிருந்து தலைவரை இரண்டு வெள்ளிக் கோடுகள் தெரியும். உள்ளே காற்று இருப்பதால் வரும் பளபளப்பு அது. பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கி கிடைத்தால் பக்கவாட்டில் பிரியும் கிளைகளையும் காணலாம். இரண்டு புழுவை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுங்கள்: பெரிய கிளைகள் ஒரே இடத்தில் பிரிந்திருக்கும், நுண்கிளைகள் ஒத்துப்போகாது. முன்னது கரு கூப்பிட்ட கூப்பாட்டுக்கு வந்தது. பின்னது அந்தந்தப் புழுவின் தசை தனக்குத் தேவையானதைக் கேட்டு வரவழைத்தது.